லோடு வந்தா நெட்டு போவுது

— ரூம்பு சாவியக் குடுத்துட்டு எறங்கும்வே, கிருஷ்ணப்பன். இனி உமக்கு இந்த எடைமேடையில சோலி கெடையாது.

— குடுக்க முடியாது.

— நான் மரியாதையா சொல்லுதேன்.

— இன்னா மரியாத? திருடன்னு சொல்லிட்டு அப்பால இன்னா மரியாத? உன் மரியாதைய இந்த மேடையில ஏத்தி எட போட்டுப் பாரு அண்ணாச்சி, முள்ளு அசையாது.

— திருடன்னு நான் எப்பம்வே சொன்னேன்?

— என்னாண்ட சொல்லல. ஊராண்ட சொல்லிக்கினு கீற. நேத்து டோல்கேட்டு டீக்கடையில குந்திகினு கீறேன், லாரிக்கார ரஞ்சித்து வந்து கேக்குறான்: "இன்னா பெர்சு, லோடு வந்தா மட்டும் நெட்ட புடுங்கி வுட்றியாமே?" அவனுக்கு யாரு சொன்னது? காக்கா வந்து சொல்லுச்சா? கடையில கீற அத்தினி பேரும் கிளாஸ கையில வெச்சுக்கினு என்னிய பாக்குறானுங்கோ. பாதி டீய அப்டியே வெச்சுட்டு வந்தேன்.

— உள்ளதத்தான சொன்னேன்! காலி வண்டி மேடையில ஏறுனா, யார்டுக்கு அந்தப் பக்கம் என் ஆபீசு கம்ப்யூட்டர்ல எடை டாண்ணு வந்து விழுது. தகடு ஏத்துன வண்டி ஏறுனா நெட்டு அத்துப் போகுது. எத்தன டன்னுன்னு எனக்குத் தெரியாது. நீரு கையால எழுதிக் குடுக்குத சீட்டுதான் கணக்கு. வண்டி எறங்கிப் போன பொறவு நெட்டு தானா வந்து நிக்கி. லோடு எது, காலி எதுன்னு பாக்கதுக்கு நெட்டுக்கு என்ன கண்ணா இருக்கு?

— அத்த ஏன் என்னாண்ட கேக்குற? நெட்டாண்ட கேளு.

— நெட்டுக்குக் கண்ணு கெடையாது. உமக்குத்தான் இருக்கு.

— நல்லா கீது நாயம். நான் இந்த ரூம்புல குந்த வந்தப்ப நீ அரைக்கா சட்டை போட்டுக்கினு உங்கப்பா கையப் புடிச்சுக்கினு வருவ. அந்த மனுசன் ஒரு நாளு என் சீட்ட திருப்பிப் பாத்தது இல்ல. இந்த சாத்தாங்காடு மார்க்கெட்டு பூரா இரும்பு. ஒரு ஆணி, ஒரே ஒரு ஆணி, இங்கேர்ந்து என் வூட்டுக்குப் போயிருக்குமா? சுவத்துல காலண்டரு மாட்டிக் கீற ஆணிகூட எம் பொண்டாட்டி சொக்கம்மா கடையில போயி வாங்கியாந்தது. வந்து பாரு. புடுங்கிப் பாரு.

— பழங்கதை வேண்டாம்வே. எங்கப்பா காலத்துல நெட்டு இல்ல.

— அதனாலதான் அவரு நிம்மதியா செத்தாரு. சரி, இதுக்கு பதிலு சொல்லு. "அந்த நெட்டு டப்பாவ ஒரு பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டு, சாவிய நீயே இடுப்புல சொருவிக்கோ, அப்பால எவன் கை வெக்கிறான்னு பாப்போம்"னு சொன்னது நானா இல்லியா?

— நீருதான் சொன்னீரு. நானும் நம்ம கடை தகட்டையே வெட்டி, வெல்டு வெச்சு, பொட்டி செஞ்சு பூட்டுனேன். பூட்டுன பொறவு என்னாச்சு? முன்ன லோடு வண்டிக்கு மட்டும்தான் போகும். இப்பம் காலி வண்டிக்கும் விக்கி விக்கி வருது!

— சாவி உன் இடுப்புல கீது. அப்ப நான் எங்கேர்ந்து புடுங்குனேன்?

— கரண்டு சுவிட்சு பொட்டிக்கு வெளியதான இருக்கு. உம்ம நாற்காலிக்கு நேர் மேல.

— என் மூச்சுகூட அந்தப் பக்கமாத்தான் போவுது. அத்தயும் ஒரு பொட்டி செஞ்சு பூட்டிடு.

— சார், உள்ள வரலாமா? நெட்டு பாக்கக் கூப்ட்டீங்களே. சங்கமித்ரா. காலையில போன்ல பேசுனேன்.

— வாம்மா, வா. கடையிலேர்ந்து ஆம்பளையாளு யாரையாவது அனுப்புவேன்னுல்லா நெனச்சேன்.

— கடையே நான்தான் சார். வியாசர்பாடியில. அனுப்புறதும் நான்தான், வர்றதும் நான்தான்.

— பாப்பா, வந்ததும் வராததுமா ஒண்ணு சொல்லிட்றேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ"ன்னு சொல்றதா இருந்தா பைய எறக்காத, அப்டியே திரும்பிப் போய்டு.

— ஏன் நைனா, இவ்ளோ கோவம்?

— பின்ன? நெட்டு வரலன்னு கம்பெனிக்குப் போன் போட்டா, அவன் சுவிட்ச ஆஃப் பண்ணுன்றான். நான் சுவிட்ச ஆஃப் பண்றேன்னுதான் இவரு என்னிய வேலைய வுட்டுத் தொரத்துறாரு. ரெண்டு பேரும் மொதல்ல ஒக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்பால என்னாண்ட வாங்க.

— கோச்சுக்காம கேளு நைனா. அந்த டப்பா ஒரே நேரத்துல பத்து வேலைய தலையில ஏத்திக்கும். எங்கயாவது ஒரு வேலையில முட்டிக்கினு நின்னுடும். எந்த வேலை மாட்டிக்கிச்சுன்னு அதுக்கே தெரியாது. ஆஃப் பண்ணா எல்லாத்தையும் மறந்துட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அதான் அப்டி சொல்றாங்க.

— மறந்துட்டா சரியாப் பூடுமா? அப்ப அண்ணாச்சிக்கும் எங்கனா ஒரு சுவிட்சு கீதான்னு தேடிப் பாரு பாப்பா. அவங்கப்பன் வயசு ஆளத் திருடன்னு சொன்னதையாவது மறந்து தொலைக்கட்டும்.

— எம்மா, இவரு பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்காத. விசயம் இதுதான். லோடு வண்டி நின்னா இங்கேர்ந்து எடை வரமாட்டேங்கு. இவரு மேலதான் எனக்குச் சந்தேகம். இந்த ஆளு சுவிட்ச அமத்துனாரா இல்லியான்னு கண்டுபுடிக்க முடியுமா, முடியாதா?

— நான் மெஷினு பாக்க வந்தவ சார், ஆள பாக்க வரல. டப்பா எங்க கீது?

— தோ, அங்க தொங்குது பாரு. கூண்டுல அடைச்ச குரங்கு மாதிரி.

— சார்… இது இன்னா சார்? பேங்கு லாக்கரா?

— பத்து கேஜ் தகடு, கேட்டியாம்மா. கடப்பாரை போட்டு நெம்புனாலும் அசையாது.

— அதான் நெட்டும் அசையல.

— என்னம்மா சொல்லுத?

— சிம்பிளா சொல்றேன் சார். உங்க ஆபீசுல ஒரு டப்பா கீது. இங்க ஒரு டப்பா. நடுவுல ஒயரு கெடையாது. ஒண்ண ஒண்ணு காத்துல கூப்ட்டு பேசிக்குது. நீங்க ஆபீசு வாசல்ல நின்னு "கிருஷ்ணப்பா"ன்னு சத்தம் போட்டா நைனாவுக்குக் கேக்கும். நைனாவ இரும்பு பீரோவுல வெச்சு மூடிட்டு சத்தம் போட்டா?

— இப்பவே அப்டித்தான் கீது பாப்பா. நான் கத்துறது அவருக்குக் கேக்கல.

— இது காதுக்குக் கேக்குற சத்தம் இல்ல, அலை. செவுரு, மரக்கதவுன்னா கொஞ்சம் கொறைஞ்சாலும் பூந்து போயிடும். இரும்புத் தகடு மட்டும் அதுக்கு ஆவாது. பட்டுத் திரும்பிடும். ஒயரு போக நீங்க போட்ட ஓட்டை வழியா ஏதோ கொஞ்சம் கசிஞ்சு வருது. அதான் விக்கி விக்கி வருது.

— கேட்டுக்கினியா அண்ணாச்சி? நல்லா காத தெறந்து கேளு. இரும்பு விக்கிற மனுசன், இரும்பாலயே உன் நெட்டோட கழுத்த நெரிச்சு வெச்சுக்கினு கீற!

— ஓய்! பொட்டி செய்யச் சொன்னது நீருல்லா? அப்பம் தெரிஞ்சேதான் சொல்லியிருக்கீரு!

— யம்மாடி! எனக்கு மட்டும் அது தெரிஞ்சிருந்தா இந்தப் பாப்பா கடையில பாதி எனக்குக் கெடச்சிருக்கும். என் பேரு கெடாம இருக்கணும்னுதான் பூட்டச் சொன்னேன். பூட்டுனாலும் திருடன், பூட்டலன்னாலும் திருடன். இன்னாதான் பண்ணணும் நானு? கைய வெட்டி உன் ஆபீசு மேஜை மேல வெச்சுட்டு வரட்டுமா?

— சண்ட அப்பால போடுங்க. சார், சாவியக் குடுங்க. பொட்டியத் தொறந்து டப்பாவ ஜன்னல்லயே வெக்கிறேன்… ஆ, வெச்சாச்சு. போன எடுத்து உங்க ஆபீசுக்குப் பேசுங்க. எடை வருதான்னு கேளுங்க.

— அலோ… ஆமா, ராமசுப்புதான் பேசுதேன். திரையில என்ன காட்டுது? வந்துட்டா? நிக்காம வருதா? சரி, லைன்லயே இரு… வருதுங்கான்.

— அப்ப என்னாண்ட சாவி கேட்டியே, அத்த மறந்துட்டு போயி வேலையப் பாரு.

— அவசரப்படாதியும்வே. பொட்டி போன வாரம் வந்தது. அதுக்கு முன்னாடியே லோடு வண்டிக்கு நெட்டு அத்துப் போச்சே. அதுக்கு என்ன பதிலு?

— அதுவும் சரிதான். நைனா, லோடு வண்டி எதுனா வருமா இப்ப?

— வெளிய ஆரன் அடிக்கிறான் பாரு, அது ரஞ்சித்து வண்டிதான். தகடு, மேல வரைக்கும் அடுக்கிக்கினு வரான். நல்ல நேரத்துல வந்தான். அண்ணாச்சி, இப்ப பாரு. நான் ரூம்ப வுட்டு வெளிய போறேன். கைய ரெண்டயும் தூக்கிக்கினு நிக்கிறேன், போலீசு புடிச்ச மாதிரி. நீ சுவிட்சாண்ட போயி நில்லு. டேய் ரஞ்சித்து! மேடையில ஏத்து! எறங்காத, அப்டியே குந்திகினு பாரு. நேத்து கேட்டியே கேள்வி, அதுக்கு பதிலு இப்ப வரும்.

— சார், சுவிட்சு ஆன்ல கீதா?

— ஆன்லதான் இருக்கு. நான் கை வெச்சு மறைச்சுக்கிட்டுல்லா நிக்கேன்.

— போன்ல கேளுங்க.

— அலோ, என்ன காட்டுது?… என்னது? போயிட்டா? எல, நல்லாப் பாருல!… எம்மா, அத்துட்டுங்கான். நீ எதையும் தொட்டியா?

— நான் உங்க பக்கத்துல கைய கட்டிக்கினு நிக்கிறேன் சார்.

— அண்ணாச்சி! என் கை மேலதான் கீது! நல்லா பாத்துக்கோ! தோளு நோவுது, சீக்கிரம் பாரு!

— அப்பம் எப்படிம்மா போச்சு? பேயா வந்து புடுங்குது?

— இந்த ஜன்னலாண்ட வாங்க சார். என் பக்கத்துல குனிஞ்சு, டப்பா கீற எடத்துலேர்ந்து வெளிய பாருங்க. உங்க ஆபீசு தெரியுதா?

— எங்க தெரியுது? வண்டிதான் மறைச்சுக்கிட்டு நிக்கி. வெறும் தகடுதான் தெரியுது.

— உங்களுக்கே தெரியலன்னா டப்பாவுக்கு மட்டும் எப்டி தெரியும்? காலி வண்டின்னா தொட்டி தாழ்வா கீது, அதுக்கு மேலால ரெண்டு டப்பாவும் ஒண்ண ஒண்ணு பாத்துக்குது. லோடு ஏத்திக்கினு வந்து நின்னா நடுவுல ஒரு இரும்பு செவுரு எழும்பிடுது. அந்தக் குட்டிப் பொட்டி பண்ண வேலைதான், இது பெரிய பொட்டி.

— ரஞ்சித்து! வண்டியப் பின்னாடி எடு! இன்னும்… இன்னும்… நிறுத்து! அண்ணாச்சி, கேளு போன்ல!

— வந்துட்டுங்கான்.

— முன்னாடி வாடா!… இப்ப?

— போச்சு.

— பின்னாடி எடு!… இப்ப?

— வந்துட்டு, வந்துட்டு. போதும்வே! டீசலு தீந்துரப் போகுது.

— தீரட்டும். என் மானம் தீர்றப்ப நீ டீசலு கணக்கா பாத்த? டேய் ரஞ்சித்து, என்ஜினை அமத்திட்டு எறங்கி வா. தோ, இப்டி நில்லு. அண்ணாச்சி இன்னாவோ சொல்லணுமாம் உன்னாண்ட. சொல்லு அண்ணாச்சி.

— என்னத்தச் சொல்ல? நெட்டுல கோளாறு. அவ்வளவுதான்.

— அது நெட்டு. நான்?

— நீரு… ஒண்ணும் பண்ணல.

— காதுல வுழல. அன்னிக்கு சொல்றப்ப டோல்கேட்டு வரைக்கும் கேட்டுச்சு, இன்னிக்கு எதிர்ல நிக்கிறவனுக்கே கேக்கலியே?

— கிருஷ்ணப்பன் சுவிட்சுல கை வெக்கல! அவரு மேல தப்பு கெடையாது! போதுமா?

— ரஞ்சித்து, கேட்டுக்கினியா? அதே டீக்கடையில, அதே சத்தத்துல போயி சொல்லு. போ. வண்டிய எட்த்துக்கினு கெளம்பு.

— எம்மா, நடந்தது நடந்து போச்சு. இதுக்கு மாத்து என்ன?

— ரெண்டு வழி கீது சார். சுலுவானது, ஒரு கம்பம் நட்டு டப்பாவ ஒசரத்துல ஏத்திடலாம். வண்டிக்கு மேலால பேசிக்கும். ஆனா நாளைக்கு இன்னும் ஒசரமா அடுக்கிக்கினு வந்தாலோ, கிரேன் குறுக்க வந்தாலோ திரும்ப அறும். இன்னொண்ணு, ஆபீசுலேர்ந்து இங்க வரைக்கும் ஒயரே இழுத்துடுறது. வேலை கொஞ்சம் ஜாஸ்தி.

— கம்பமே போதும்மா. எப்பமாவது அத்தா, அத்துட்டுப் போகுது. கையால எழுதத்தான் இவரு இருக்காருலா.

— கம்பம் வோணாம்! ஒயரு போடு!

— உமக்கு என்னவே? சும்மா இரியும்.

— நான் ஏன் சொம்மா இருக்கணும்? நாளைக்குக் கிரேன் குறுக்க நின்னு நெட்டு போவும். மறுபடியும் நீ என் சுவிட்ச மோந்து பாப்ப. காத்துல வர்றத எவன் கண்டான்? ஒயருன்னா எங்க அத்துகிச்சுன்னு கண்ணால பாக்கலாம், கையால தொடலாம். எனக்கு ஒயருதான் வோணும். போடலன்னா நான் இந்த ரூம்புல குந்த மாட்டேன், சொல்லிட்டேன்.

— யார்டு பூரா லாரி ஓடுதுவே. குழி தோண்டுனா ஒரு நாளு யாவாரம் போயிரும்.

— குழி ஏன் தோண்டணும்? உங்கப்பா லேண்ட்லைனு போனு இழுத்த குழாயி மேடைக்கு அடியில இன்னும் கெடக்குது. ஒரு வாய் தோ, இந்த மூலையில. இன்னொரு வாய் உன் ஆபீசு படிக்கட்டாண்ட. நான் நின்னு போட வெச்ச குழாயி அது. பாப்பா, ஒயரு கீதா உன்னாண்ட?

— வண்டியில ஒரு சுருளு கீது நைனா. குழாயி அடைச்சுக்காம இருந்தா இப்பவே இழுத்துடலாம். சார், நீங்க சொல்லணும்.

— …போடும்மா. இவரு வாய அடைக்கணும்னா வேற வழியில்ல.

— வா பாப்பா. நீ அந்த வாயாண்ட போ, கயித்த வுட்டுத் தள்ளு. நான் இந்தப் பக்கம் புடிச்சு இழுக்குறேன்.

— நைனா! கயிறு வந்துச்சா?

— வந்துச்சு வந்துச்சு! கலீஜ், ஒரே சேறு. வுடு, நான் இழுக்குறேன்!

— பாத்து நைனா, வெடுக்குனு இழுக்காத! உள்ள மெல்லிசா எட்டு கம்பி கீது. ஒண்ணு அத்துகிச்சுன்னாலும் வேலைக்கு ஆவாது!

— பச்சப்புள்ளைய தூக்குற மாதிரி தூக்குறேன், நீ வுடு!

— எம்மாடி, இந்த வயசுல என்ன வெறி இவருக்கு! வேர்த்து ஊத்துதுவே, ஆளு ஒண்ணு வெச்சுக்கிடலாம்லா?

— தள்ளு அண்ணாச்சி. இது என் ஒயரு. தோ… தோ… வந்துட்ச்சு! சொக்கம்மாவாண்ட சொல்லணும், கண்ணாலம் ஆனப்ப தாலி கட்டக்கூட என் கை இவ்ளோ கெட்டியா புடிக்கல!

— இந்தப் பக்கம் நான் மாட்டிட்டேன் நைனா. அங்க வந்து அந்தத் தலைய மாட்டுறேன்… ஆச்சு. சார், பாருங்க. பச்சை லைட்டு அசையாம நிக்குது.

— லோடு வண்டி ஒண்ணு வருது. மேடையில ஏறட்டும், பாப்போம்… அலோ, எடை வருதா?… எத்தன?… எல, சரியா இருக்கு! அறலியா? நல்லது. எம்மா, கெட்டிக்காரிதான் நீ.

— நைனா இல்லன்னா இன்னிக்கு முடிஞ்சிருக்காது சார்.

— இனி எம்புட்டு பெரிய லோடு நின்னாலும் அறாதுல்லா?

— அறாது சார்.

— எடை தானா ஆபீசுக்கு வந்துரும்?

— வந்துரும்.

— வண்டி நம்பரு? அத இவருதான பாத்து எழுதுதாரு?

— வெளிய கேமரா போட்டு வெச்சிருக்கீங்களே சார். நெட்டு அத்து அத்துப் போனதால இத்தினி நாளு அது சொம்மா தொங்கிக்கினு இருந்துச்சு. இனிமே நம்பர அதுவே படிச்சு அனுப்பும். சீட்டு உங்க ஆபீசு மெஷின்லயே வந்துடும்.

— அப்பம் இந்த ரூம்புல ஒருத்தர் உக்காந்து…

— சார், நான் நெட்டு பாக்கத்தான் வந்தேன்.

— இல்லம்மா, சும்மா கேக்கேன். ஒயரு போட்ட மத்த யார்டுல எல்லாம் எப்படி?

— மத்த யார்டுல… ஆளு வெக்கிறதில்ல சார்.

— ம்ம்.

— இன்னா அண்ணாச்சி, "ம்ம்"?

— நெட்டு அத்துப் போகுமே, கையால எழுத ஒரு ஆளு வேணுமேன்னுதான் அப்பா காலத்து மனுசன்னு உம்மை வெச்சிருந்தேன். இனி அறாதுங்கா. ரூம்பு சாவியக் குடும்வே. திருட்டுக்காக இல்ல, கேட்டீரா? மரியாதையா மாலை போட்டு அனுப்புதேன். ரஞ்சித்தையும் கூப்பிட்டு வெச்சு, சத்தமாவே சொல்லுதேன், தங்கமான மனுசன்னு. ஆபீசுக்கு வாரும், பேசுவோம். நான் முன்னால போறேன்.

— நைனா… எனக்கு இது தோணவே இல்ல நைனா. சத்தியமா. தோணியிருந்தா கம்பமே நட்டுட்டுப் போயிருப்பேன்.

— உன் மேல இன்னா தப்பு பாப்பா? கயித்த இழுத்தது நானு. அத்த வுடு, அவரு போய்ட்டாரா? பாரு… போய்ட்டாரா? சரி, இப்டி கிட்ட வா. இத்தினி நேரம் நீ சொன்னதெல்லாம் எனக்கு நல்லா புரிஞ்சுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ: இந்த ஒயர எந்த எடத்துல வெட்டுனா எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது?